இரண்டு முத்திரை உள்ள கார்டை இணையக் கடையில் எப்படி ஏற்பது?

நாகர்கோவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மார்த்தாண்டத்தில் தேன், கிராம்பு, நேந்திரங்காய் சிப்ஸ் விற்கும் தன் சித்தப்பாவுக்காக இணையக் கடை ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார். பணம் கட்டும் பக்கத்தைப் பற்றி இரண்டு புகார்கள் வந்திருக்கின்றன. பாரிசில் வேலை பார்க்கும் ஒருவர், குழித்துறையில் இருக்கும் தன் அம்மாவுக்குத் தேன் அனுப்ப ஆர்டர் போட வந்தார். அவருடைய கார்டில் 'சிபி' என்று ஒரு முத்திரை, விசா என்று இன்னொன்று. பக்கத்தில் விசா மட்டும் தெரிந்ததால் ஏதோ தப்பு என்று நினைத்துப் பாதியில் விட்டுவிட்டார். இன்னொருவர் குலசேகரத்துக்காரர். தன் ரூபே டெபிட் கார்டின் எண்ணை அடித்த உடனே 'டிஸ்கவர் கார்டு ஏற்கப்படாது' என்று வந்துவிட்டது. ஒரே கார்டில் பல நெட்வொர்க் (விசா, ரூபே மாதிரி பணத்தைக் கொண்டுசேர்க்கும் அமைப்பு) இருந்தால் செக்அவுட்டில், அதாவது பணம் கட்டும் பக்கத்தில், என்ன செய்வது, அதற்கு என்ன கோடு (கணினி நிரல்) எழுதுவது என்பது அவருடைய கேள்வி.

தம்பி, இரண்டும் ஒரே பிரச்சினை போலத் தெரிகிறது. ஆனால் பாரிஸ்காரர் விஷயத்தில் உங்கள் பக்கம் செய்தது சரி, அதை அவருக்குப் புரியும்படி சொல்லவில்லை, அவ்வளவுதான். குலசேகரத்துக்காரர் விஷயத்தில் செய்ததே தவறு. இரண்டுக்கும் நீங்கள் புதிதாக எழுத வேண்டிய கோடு கொஞ்சம்தான். எடுத்துப் போட வேண்டியதுதான் அதிகம்.

ரூபேயிலிருந்து தொடங்குகிறேன், அவசரம் அதில்தான் இருக்கிறது. கார்டு எண்ணின் தொடக்க இலக்கங்களை வைத்து நெட்வொர்க்கைக் கண்டுபிடிக்கும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். 4 என்று தொடங்கினால் விசா. 51 முதல் 55 வரையும் 2221 முதல் 2720 வரையும் மாஸ்டர்கார்டு. 34, 37 அமெரிக்கன் எக்ஸ்பிரஸ். அமெரிக்காவின் டிஸ்கவர் நெட்வொர்க்குக்கு 6011, 644 முதல் 649 வரை, அப்புறம் 65. ரூபே எண்கள் 60, 65, 81, 82, 508 என்று தொடங்கும். 60-லும் 65-லும் இருவரும் ஒரே தெருவில் குடியிருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். இணையத்தில் பல வருடமாகச் சுற்றிக்கொண்டிருக்கும் சோதனைக் கோடுகள் பெரும்பாலும் அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ரூபே வந்ததே 2012-ல். அந்தக் கோடுகள் 65 என்று பார்த்ததும் டிஸ்கவர் என்று முடிவு கட்டிவிடும். அங்கே டிஸ்கவரை ஏற்கவில்லை என்று நீங்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தால், வங்கி வரைக்கும் போகாமலேயே வாடிக்கையாளர் வாசலில் நின்றுவிடுவார். உங்களுக்கு நடந்தது இதுதான் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், ஏனென்றால் டிஸ்கவரின் பெயரைச் சொல்லி ஒரு ரூபே கார்டு திரும்பி வர வேறு வழி அநேகமாகக் கிடையாது.

இதில் இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வெளிநாடுகளிலும் செல்ல வேண்டும் என்பதற்காக ரூபே, டிஸ்கவரோடும் ஜப்பானின் ஜேசிபியோடும் கைகோத்திருக்கிறது. ஜேசிபியோடு சேர்ந்து வரும் ரூபே கார்டின் எண் 353, 356 என்று தொடங்கும், அதன் முகத்தில் இரண்டு முத்திரையும் இருக்கும். இந்தியாவுக்குள் அது ரூபே வழியாகப் போகும், வெளிநாட்டில் ஜேசிபி வழியாகப் போகும். நம் ஊர்க் கடைக்கு வரக்கூடிய உண்மையான இரட்டை நெட்வொர்க் கார்டு என்றால் இதுதான். உங்கள் கோடு இதை ஜேசிபி என்று அடையாளம் கண்டு திருப்பி அனுப்பினால், இந்தியாவில் செல்லுபடியாகும் கார்டை இந்தியாவில் உள்ள கடையே மறுத்ததாகிவிடும்.

ரூபே என்றதும் 'யுபிஐதான் இருக்கிறதே, அதில் கட்டிக்கொள்ளட்டும்' என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்தப் பேச்சில் உடன்பாடு இல்லை. 2014 ஆகஸ்ட் 28-ல் தொடங்கிய ஜன்தன் திட்டக் கணக்குகளோடு கொடுக்கப்பட்டது ரூபே டெபிட் கார்டுதான். விவசாயக் கடன் கார்டுகளிலும் ரூபே நிறைய. குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் ஒருவரிடம் ஒரே ஒரு கார்டு இருந்தால் அது ரூபேயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நகரத்துக்காரர் ஒரு கார்டு போகவில்லை என்றால் பர்சிலிருந்து இன்னொன்றை எடுப்பார். இவர் கடையை மூடிவிட்டுப் போய்விடுவார். தன் கார்டுதான் மட்டம் என்று நினைத்துக்கொண்டு போவார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சரி, என்ன செய்வது? நீங்கள் எழுதி வைத்திருக்கும் நெட்வொர்க் சோதனையை முழுதாக எடுத்துவிடுங்கள். ஒரு தடவை திருத்தி வைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். வங்கியைக் குறிக்கும் தொடக்க இலக்கங்கள் முன்பு ஆறு, 2022 ஏப்ரலிலிருந்து விசாவும் மாஸ்டர்கார்டும் எட்டுக்கு மாறிவிட்டன. வரம்புகள் மாறிக்கொண்டே இருக்கும், மார்த்தாண்டத்துத் தேன் கடை அந்தப் பட்டியலைப் பராமரிக்க முடியாது. கடைக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று பணத்தை வாங்கித்தரும் உங்கள் கேட்வே நிறுவனத்திடம் அந்தப் பட்டியல் இருக்கிறது, அதைப் புதுப்பிப்பதும் அவர்கள் வேலை. கார்டு எண் வாங்கும் பெட்டியை நீங்களே வரைந்திருக்கிறீர்கள் என்று உங்கள் கேள்வியிலிருந்து தெரிகிறது. அதையும் விடுங்கள். கேட்வே கொடுக்கும் பெட்டியையோ அவர்களுடைய பக்கத்தையோ பயன்படுத்துங்கள். எண் உங்கள் சர்வரைத் தொடவே வேண்டாம். 2022 அக்டோபர் 1 முதல் கார்டு கொடுத்த வங்கியும் நெட்வொர்க்கும் தவிர வேறு யாரும் கார்டு எண்ணைச் சேமிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. அந்த எண்ணுக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பதே நல்லது.

ஏதாவது சோதித்தே ஆக வேண்டும் என்றால், தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் லூன் கணக்கு மட்டும் போதும். 16 இலக்கம் கட்டாயம் என்று எழுதாதீர்கள். அமெரிக்கன் எக்ஸ்பிரஸில் 15 இலக்கம், அதன் ரகசியக் குறியீடு நான்கு இலக்கம், கார்டின் முன்பக்கத்தில் இருக்கும். மேஸ்ட்ரோ கார்டுகள் 12 முதல் 19 இலக்கம் வரை இருந்தன.

இன்னொன்று. 'உங்கள் கார்டு வகையைத் தேர்ந்தெடுக்கவும்: விசா, மாஸ்டர்கார்டு, ரூபே' என்று ஒரு பட்டியலை முதலில் நீட்டும் பழக்கம் இந்தியத் தளங்கள் பலவற்றில் இருந்தது. உங்களிடமும் இருந்தால் தூக்கிவிடுங்கள். வாடிக்கையாளர் தப்பாகத் தேர்ந்தெடுப்பார், பிறகு அவர் தவறு மாதிரி ஒரு பிழைச் செய்தி வரும். நம் நாட்டில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்கும் இடம் கடை அல்ல, வங்கி. 2024 மார்ச் 6-ல் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவின்படி, 2024 செப்டம்பரிலிருந்து கிரெடிட் கார்டு கொடுக்கும்போதே எந்த நெட்வொர்க் வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும். 10 லட்சம் கார்டோ அதற்குக் குறைவோ வைத்திருக்கும் வங்கிகளுக்கும், சொந்த நெட்வொர்க்கிலேயே கார்டு கொடுக்கும் நிறுவனங்களுக்கும் விலக்கு உண்டு. ஆக, கார்டு கையில் வரும்போதே அந்த முடிவு எடுக்கப்பட்டாகிவிட்டது. செக்அவுட்டில் மறுபடி கேட்பதில் பொருள் இல்லை.

கோட்டைச் சரிசெய்த பிறகும் சில ரூபே கார்டுகள் தோற்கும், அதற்கும் தயாராக இருங்கள். 2020 மார்ச் 16 முதல் புதிதாகக் கொடுக்கப்படும் கார்டுகள் ஏடிஎம்மிலும் கடை மெஷினிலும் மட்டும்தான் தானாக வேலை செய்யும். இணையத்தில் பயன்படுத்துவதைக் கார்டுக்காரர்தான் திறந்துவிட வேண்டும். பலருக்கு இது தெரியாது. அதனால் தோல்விச் செய்தியைத் தமிழில், முழு வாக்கியமாக எழுதுங்கள்: 'வங்கி இந்தப் பணத்தை அனுமதிக்கவில்லை. உங்கள் கார்டில் இணையப் பயன்பாடு திறந்திருக்கிறதா என்று வங்கி ஆப்பிலோ ஏடிஎம்மிலோ பாருங்கள். இப்போதே வாங்க வேண்டும் என்றால் யுபிஐயிலும் கட்டலாம்.' யுபிஐக்கு இடம் இங்கேதான், கார்டு தோற்ற பிறகு கைகொடுக்க. வெறும் எண் போட்ட பிழைச் செய்தியால் எந்த வாடிக்கையாளரும் திரும்பி வந்ததில்லை.

இப்போது பாரிஸ்காரருக்கு வருவோம். பிரான்சில் 1984-ல் வங்கிகள் சேர்ந்து உருவாக்கிய உள்நாட்டு நெட்வொர்க் 'கார்த் பான்கேர்', சுருக்கமாக சிபி. அந்த நாட்டுக்குள் அது போதும். வெளியே செல்ல வேண்டும் என்பதற்காக அதே கார்டில் விசாவோ மாஸ்டர்கார்டோ சேர்ந்திருக்கும். டென்மார்க்கின் டான்கார்ட், பெல்ஜியத்தின் பான்கான்டாக்ட், ஆஸ்திரேலியாவின் எஃப்ட்போஸ் எல்லாம் இதே குடும்பம்.

கார்டில் இரண்டு முத்திரை இருப்பதால் உங்கள் பக்கத்திலும் இரண்டைக் காட்ட வேண்டும் என்று இல்லை. கார்டில் இருக்கும் நெட்வொர்க்குகள் ஒரு பக்கம், உங்கள் கடைக்காகப் பணம் வாங்கித்தரும் வங்கி சேர்ந்திருக்கும் நெட்வொர்க்குகள் இன்னொரு பக்கம். இரண்டிலும் பொதுவாக இருப்பது எதுவோ அதில்தான் பணம் போகும். பஸ்சிலும் ரயிலிலும் செல்லும் பாஸ் ஒன்று உங்களிடம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். தக்கலையில் நின்றால் பஸ் மட்டும்தான், ரயில் ஏற இரணியல் போக வேண்டும். பாஸில் குறை இல்லை, தக்கலையில் ஸ்டேஷன் இல்லை. அதே மாதிரி, உங்கள் கடை இந்திய வங்கி வழியாகப் பணம் வாங்குகிறது, அந்தப் பாதையில் சிபி கிடையாது. எனவே அவருடைய கார்டு விசா வழியாகத்தான் வர முடியும். உங்கள் பக்கம் விசாவை மட்டும் காட்டியது சரியே. சிபி முத்திரையை அழகுக்காக ஒட்டி வைத்தால்தான் பொய்யாகும்.

அவருக்கு ஏன் சந்தேகம் வந்தது என்பதையும் நாம் மதிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-ல் வந்த ஒரு ஒழுங்குமுறை, எண் 2015/751, அதன் எட்டாவது பிரிவு, 2016 ஜூன் 9 முதல் இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது. இரண்டு நெட்வொர்க் உள்ள கார்டில் எது வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை கார்டுக்காரருக்கு. கடைக்காரர் தனக்குப் பிடித்ததை முன்கூட்டியே தேர்ந்து வைத்துக்கொள்ளலாம், ஆனால் வாடிக்கையாளர் அதை மாற்றுவதைத் தடுக்கக் கூடாது. அங்கே தினமும் இரண்டு முத்திரையும் பார்த்துப் பழகியவர் இங்கே ஒன்றை மட்டும் பார்த்தால் தயங்கத்தான் செய்வார். அந்த விதி, கார்டு கொடுத்த வங்கியும் பணம் வாங்கும் வங்கியும் ஒன்றியத்துக்குள் இருந்தால்தான் பொருந்தும், எனவே உங்களைக் கட்டுப்படுத்தாது. சட்டம் கேட்காவிட்டாலும் ஒரு வரி எழுதி வையுங்கள்: 'வெளிநாட்டு கார்டுகள் விசா அல்லது மாஸ்டர்கார்டு வழியாக ஏற்கப்படும். உங்கள் கார்டில் வேறு முத்திரையும் இருந்தால் கவலை வேண்டாம்.' கூடவே, வெளிநாட்டு கார்டுகளை ஏற்க உங்கள் கேட்வேயில் தனியாக அனுமதி வாங்கியிருக்கிறீர்களா என்று பாருங்கள். பல இந்திய கேட்வேக்களில் அது தானாகத் திறந்திருக்காது.

முத்திரை என்று சொல்லும்போது எது நெட்வொர்க், எது இல்லை என்பதும் குழப்பும். ஒரு கடையின் பெயரும் வங்கியின் பெயரும் சேர்ந்த கார்டு இரட்டை நெட்வொர்க் கார்டு அல்ல, அமேசான் பே ஐசிஐசிஐ கார்டு விசாவில்தான் ஓடுகிறது. சில கார்டுகளின் பின்புறம் இருக்கும் பிளஸ், சிர்ரஸ் என்ற குறிகள் ஏடிஎம்முக்கானவை, செக்அவுட்டுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

நாளைக்கு சித்தப்பா பிரான்சில் ஒரு கடைக்காரரோடு சேர்ந்து, ஐரோப்பியக் கணக்கு வழியாகவே பணம் வாங்கும் நிலை வந்தால், அப்போது தேர்வு கொடுத்தே ஆக வேண்டும். அதைச் சரியாகச் செய்ய எண்ணை அடிக்கும் பெட்டிக்குள்ளேயே ஓரத்தில் இரண்டு முத்திரையும் வரட்டும். ஒன்று ஏற்கெனவே தேர்ந்திருக்கட்டும், தொட்டால் மற்றதுக்கு மாறட்டும். போதிய இலக்கங்கள் வருவதற்குள் முத்திரையைக் காட்டாதீர்கள். 4 என்றதும் விசா, பிறகு திடீரென்று இரண்டு என்று பக்கம் துள்ளினால் ஆள் பயந்துபோவார். விரலால் தொட வசதியான அளவு இருக்கட்டும், விசைப்பலகையால் மட்டும் இயக்குபவருக்கும் திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் எது தேர்ந்திருக்கிறது என்று தெரியட்டும். ஸ்ட்ரைப் மாதிரி கேட்வேக்களில் கார்டு விவரத்தோடு 'அவைலபிள்' என்று ஒரு பட்டியலும் 'பிரிஃபெர்டு' என்று வாடிக்கையாளரின் தேர்வும் சேர்ந்தே வரும். பட்டியலில் ஒன்றே இருந்தால் எதையும் கேட்காதீர்கள். இரண்டு இருந்தால் மட்டும் தேர்வைக் காட்டுங்கள்.

அமெரிக்காவில் கதை நேர்மாறு. அங்கே டெபிட் கார்டில் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத இரண்டு நெட்வொர்க்காவது இருக்க வேண்டும் என்று விதி, 2023 ஜூலை 1 முதல் இணைய விற்பனைக்கும் அது தெளிவாக்கப்பட்டது. ஆனால் எதில் அனுப்புவது என்பதை முடிவு செய்வது கடைக்காரர் தரப்பு, வாடிக்கையாளர் அல்ல. அதனால் அமெரிக்கர்கள் எழுதிய வழிகாட்டியைப் படித்து அப்படியே ஐரோப்பாவுக்குப் பயன்படுத்தினால் சட்டத்தை மீறியவராவீர்கள், ஐரோப்பிய வழிகாட்டியைப் படித்து இங்கே பயன்படுத்தினால் தேவையில்லாத ஒரு கேள்வியை வாடிக்கையாளரிடம் கேட்பவராவீர்கள்.

கார்டைச் சேமித்து வைக்கும் வசதி கொடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றை மறக்காதீர்கள். இப்போது சேமிப்பது எண்ணை அல்ல, அதற்குப் பதிலாகத் தரப்படும் டோக்கன் என்ற மாற்றுக் குறியீட்டை. டோக்கனைத் தருவது பெரும்பாலும் நெட்வொர்க். விசா கொடுத்த டோக்கன் விசாவில்தான் ஓடும், ரூபே கொடுத்தது ரூபேயில். எனவே சேமித்த கார்டின் பக்கத்தில் கடைசி நான்கு இலக்கத்தோடு எந்த முத்திரையைக் காட்டுகிறீர்களோ அது டோக்கனின் நெட்வொர்க்காக இருக்க வேண்டும், அட்டையின் முகத்தில் பெரிதாக இருப்பதாக அல்ல.

ஒவ்வொரு ஆர்டரோடும் எந்த நெட்வொர்க்கில் பணம் வந்தது என்பதைக் கேட்வே திருப்பித் தரும் பதிலிலிருந்து எடுத்து எழுதி வையுங்கள். சிப்ஸ் பாக்கெட் நொறுங்கிப் போய் பணம் திருப்பிக் கேட்கும்போது, வந்த பாதையிலேயே அது திரும்பும். வாடிக்கையாளர் போனில் கேட்டால் உங்களால் பதில் சொல்ல முடியும். மாதக் கடைசியில் கட்டணக் கணக்குப் பார்க்கவும் இது வேண்டும். ஒரு நெட்வொர்க்கில் தோற்றால் சத்தமில்லாமல் இன்னொன்றில் முயலும்படி மட்டும் எழுதிவிடாதீர்கள். முதல் முயற்சி உண்மையிலேயே தோற்றதா, பதில் வரத் தாமதமா என்று தெரியாத நேரத்தில் இரண்டாவதும் போனால் இரண்டு தடவை பணம் போய்விடும்.

கட்டணம் என்றதால் சொல்கிறேன், சித்தப்பாவுக்கு இது பிடிக்கும். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கு எம்டிஆர், அதாவது ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடம் வங்கி பிடிக்கும் கட்டணம், கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ஆண்டு விற்பனை 20 லட்சம் வரை உள்ள வணிகரிடம் 0.40 சதவீதம், அதற்கு மேல் உள்ளவரிடம் 0.90 சதவீதம் என்று 2018-லிருந்து உச்சவரம்பு இருக்கிறது. ரூபே கிரெடிட் கார்டை யுபிஐயோடு இணைத்துக் கட்டினால், சிறு வணிகர்களிடம் 2,000 ரூபாய் வரை கட்டணம் இல்லை. தேனும் சிப்ஸும் வாங்கும் பில் பெரும்பாலும் அதற்குள்தான் வரும். கேட்வே தன் சேவைக்கென்று தனியாக வாங்குவது வேறு, அதை ஒப்பந்தத்தில் பாருங்கள். ஆக, உங்கள் பக்கம் இத்தனை நாளாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது, சித்தப்பாவுக்குச் செலவு மிகக் குறைவான கார்டையே.

மாற்றம் செய்த பிறகு கேட்வே கொடுக்கும் சோதனை எண்களை மட்டும் நம்பாதீர்கள், பல நேரம் அவற்றில் விசாவும் மாஸ்டர்கார்டும்தான் நிறைய. வீட்டில், அக்கம்பக்கத்தில் இருக்கும் உண்மையான கார்டுகளை அவரவரே தங்கள் கையால் அடித்து, சிறு தொகைக்கு வாங்கிப் பார்க்கட்டும்: 60-ல் தொடங்கும் ஒரு ரூபே, 65-ல் தொடங்கும் ஒன்று, கிராம வங்கியின் கார்டு ஒன்று, கிடைத்தால் ஜேசிபி முத்திரை உள்ளது ஒன்று. கேட்வேக்கு இன்றே ஒரு மின்னஞ்சல் அனுப்பி மூன்று விஷயம் கேளுங்கள்: எங்கள் கணக்கில் எந்தெந்த நெட்வொர்க் திறந்திருக்கிறது, வெளிநாட்டு கார்டு திறந்திருக்கிறதா, 353, 356 எண்கள் ரூபேயாகப் போகின்றனவா. பதில் எழுத்தில் வரட்டும். அது வந்ததும் குலசேகரத்துக்காரரை நீங்களே கூப்பிட்டு, கார்டில் குறை எதுவும் இல்லை, பக்கத்தில்தான் இருந்தது, இப்போது சரியாகிவிட்டது என்று சொல்லுங்கள்.